ஒஸ்வால்டின் வெடி

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட் கொரேராவின் வீடு எது என்று கேட்டால் ஆட்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். ட்ரம்ஸ்காரர் வீடு என்றால் உடனே கை நீட்டிக் காட்டுவார்கள். இத்தனைக்கும் அந்த ஒழுங்கையில் யாரும் அவர் ட்ரம்ஸ் அடித்துப் பார்த்து முப்பது வருஷமாகிறது. பதினாலு வயதில் மரண வீட்டு பாண்டில் சேர்ந்து, கறுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, சவப்பெட்டிக்கு முன்னால் சின்ன ட்ரம்மை அடித்தபடி மயானம் வரைக்கும் நடந்த ஒஸ்வால்டைத்தான் ஒழுங்கைக்குத் தெரியும். பிறகு அவர் அடித்ததெல்லாம் கொழும்பு ஏழில், இசை நாடகம் போடும் மண்டபங்களில். அதுவும் மேடைக்கும் முன்வரிசைக்கும் நடுவில் வெட்டிய பள்ளத்துக்குள். சபையில் இருப்பவர்களுக்கு உள்ளே பதினொரு பேர் இருப்பதே தெரியாது. இசை நடத்துபவரின் கை மட்டும் இடைக்கிடை விளிம்புக்கு மேலே எழும்பித் தாழும்.

அந்தப் பள்ளத்தை உள்ளே இருப்பவர்கள், புதைகுழியைச் சொல்வதுபோல, கிடங்கு என்றுதான் சொன்னார்கள். பெயர் வைத்தவர் இராசரத்தினம். வெள்ளவத்தைக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்ந்தவர், தன்னைவிட உயரமான டபிள் பேஸை அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசிப்பவர். “மச்சான், கிடங்குக்குள்ள இறங்கேக்க ஒருக்காச் சிலுவை போடு. திரும்ப ஏறுவமோ தெரியாது” என்று ஒவ்வொரு நாடகத்தின் முதல் நாளும் சொல்லுவார். இருபது வருஷமாக ஒரே பகிடி. ஒஸ்வால்டும் இருபது வருஷமாகச் சிரித்தார்.

இரண்டு மணித்தியால நாடகத்தில் ஒஸ்வால்ட் உண்மையில் அடிப்பது இருபது நிமிஷம் இருக்காது. மிச்ச நேரமெல்லாம் எண்ணுவதுதான் வேலை. அவருடைய தாளில் நீளமாக ஒரு கோடு போட்டு மேலே 64 என்று எழுதியிருக்கும். அறுபத்துநாலு தாளக்கட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, அறுபத்தைந்தாவதில் ட்ரையாங்கிளை, அந்த முக்கோணக் கம்பியை, ஒரு தட்டுத் தட்டவேண்டும். வயலின்காரர் ஒருவர் ஒரு சுரத்தை விழுங்கினால் பக்கத்து வயலின் மூடிவிடும். ட்ரையாங்கிள் பிந்தினால் வெளியில் வடை விற்பவனுக்கும் தெரியும். அவர் சப்பாத்துக்குள் கால் பெருவிரலை அசைத்து எண்ணுவார். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மனைவி அனுஷியா ஏதாவது முக்கியமான விஷயம் சொல்லத் தொடங்கினால் முதலில் அவருடைய செருப்பைத்தான் பார்ப்பாள். விரல் அசைந்தால் ஆள் அங்கே இல்லை.

அதனால்தான் காது போனது ஆருக்கும் தெரியாமல் போனது. கேட்காமல் இருப்பதற்கும் கவனிக்காமல் இருப்பதற்கும் அந்த வீட்டில் வித்தியாசம் இருக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுஷியா குக்கரில் பருப்பை வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் நிற்பாட்டச் சொல்லிவிட்டுப் பூசைக்குப் போனாள். திரும்பி வந்தபோது வாசலிலேயே கருகல் மணம். ஒஸ்வால்ட் குக்கருக்குக் கை எட்டும் தூரத்தில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மணத்துக்கும் மூக்கைச் சுளிக்கவில்லை, தடிமன் பிடித்து மூக்கடைப்பு. அவள் வாயைத் திறக்கப் போக, இன்னொரு விசில் வந்தது. நீளமான விசில். அவர் தலையைத் தூக்கவில்லை. கால்விரலும் அசையவில்லை. அந்த விசில் ஓயும்வரை அவள் நின்று அவருடைய பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குக்கர் அடிக்குது” என்றாள் கிட்டப் போய்.

“எங்க?” என்றார்.

பொரளையில் ஒரு காது டொக்டரைச் சனல் பண்ணி, நம்பர் எடுத்துக் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருத்தி, காதுக்கு மூடி மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். ஒஸ்வால்ட் நல்ல பிள்ளையாகக் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. வெளியே வந்தபோது டொக்டர் தாளில் ஒரு கோட்டைக் காட்டினார். இடப்பக்கத்தில் சமனாகப் போய், பாதியில் படிக்கட்டில் உருண்டமாதிரிக் கீழே விழுந்த கோடு. உயர்ந்த சத்தங்கள் போய்விட்டன, போனது வராது, சொற்களில் மெய்யெழுத்துகள் கரைந்து உயிர்ச் சத்தம் மட்டும்தான் வந்து சேரும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். காதுக்குள் மெஷின் போட்டால் ஆட்கள் கதைப்பது கொஞ்சம் தெளியும், பாட்டு தகரம் தட்டினமாதிரி இருக்கும். இரைச்சலுக்குள் வேலை செய்கிறவரா என்று கேட்டார்.

“கிளார்க்” என்றார் ஒஸ்வால்ட்.

பொய் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் கோட்டையில் ஒரு கப்பல் சரக்குக் கம்பனியில் கிளார்க்காக இருந்தவர்தான். அனுஷியா அவரைத் திரும்பிப் பார்த்தாள். திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்து ட்ரையாங்கிளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துத் தட்டினார். அது நடுங்கியது. வெளிச்சத்தில் நடுங்குவது நன்றாகத் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. இன்னொரு தரம் தட்டினார். முன்வீட்டுப் பொம்பிளை எட்டிப் பார்த்தாள், ஐஸ்கிறீம்காரன் வந்துவிட்டானோ என்று.

கம்பனி அவரை ஐம்பத்தைந்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மகள் அபுதாபியில் தாதி. மிச்சம் இருந்தது கிடங்குதான். வருஷத்தில் மூன்று நாடகம், நாலு நாடகம். அதற்கான ஒத்திகை, அதற்கான சண்டை, அதற்கான பிளேன்டீ. காது கேட்காத ட்ரம்ஸ்காரனை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள் என்பதை அவருக்கு ஆரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேறு ஆளுக்கு நடந்திருந்தால் அவரே கூப்பிட்டிருக்க மாட்டார். அதனால் மறைத்தார்.

இராசரத்தினத்திடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அடுத்த நாடகத்தில் இரண்டாம் ஒத்திகையிலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டார், அவ்வளவுதான். ட்ரையாங்கிள், மணி, சின்னச் சிம்பல் வரும் இடங்களில் அவருடைய இடது முழங்கால் ஒஸ்வால்டின் வலது முழங்காலில் ஒருமுறை முட்டும். அப்படியே இரண்டு வருஷம், ஆறு நாடகம். “எங்கட மனுசிமார் கண்டா தப்பா நினைப்பினம்” என்பார் இராசரத்தினம்.

ஏழாவதுதான் இந்த நாடகம். சிங்களமும் தமிழும் கலந்தது. மாளிகாவத்தைத் தொடர்மாடி ஒன்றில் ஒரு குடும்பம். தாய் சிங்களம், தகப்பன் தமிழ், பிள்ளைகள் இரண்டிலும் கதைப்பார்கள். மூத்தவனைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அவன் தங்கச்சியிடம் விடைபெற்று ஒரு நீளப் பாட்டுப் பாடுகிறான். பாட்டு முடிய, தாய் கதவுக்குக் குறுக்கே நின்று சிங்களத்தில் “எப்பா” என்று கத்துகிறாள், வேண்டாம் என்று. அந்தச் சொல்லோடு வெளியிலிருந்து வெடி. மகன் விழுகிறான்.

இசையமைத்து நடத்தியவன் சுகிர்தன். வெள்ளவத்தைப் பொடியன், முப்பத்தாறு வயது, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், வாய் நிறைய அங்கிள் என்று கூப்பிடுகிறவன். அவனுக்கு வெடியைப் பதிவுசெய்து ஸ்பீக்கரில் போட விருப்பமில்லை. கிடங்குக்குள் இருந்தே வரவேண்டும் என்றான். ஒஸ்வால்ட் மூன்று நாள் வீட்டில் யோசித்தார். கடைசியில் ஈரத் துவாயை மடித்துப் பெரிய ட்ரம்மின் தோலில் ஒட்டி, அதைக் காலால் உதைக்கும் அதே கணத்தில், சின்ன ட்ரம்மின் விளிம்பிலும் தோலிலும் ஒரே குச்சியால் சேர்த்து அறைந்தார். ஒத்திகையில் முதல்முறை அடித்தபோது மேடையில் நின்ற தையல்காரி துணியைப் போட்டுவிட்டுக் குந்திவிட்டாள். அதற்குப் பிறகு குழுவில் எல்லோரும் அதை ஒஸ்வால்டின் வெடி என்று சொல்லத் தொடங்கினார்கள்.

அந்த இடத்தில் இசை நிற்கிறது. எண்ண ஒன்றுமில்லை. “என்ர கையைப் பார்க்க வேண்டாம் அங்கிள். கை காட்டி அடிச்சா அரைச் செக்கன் பிந்தும். சொல்லைக் கேட்டு அடியுங்கோ” என்றான் சுகிர்தன். ஒஸ்வால்ட் பென்சிலால் தாளின் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டார்: எப்பா – வெடி.

அன்று கிடங்கிலிருந்து ஏறும்போது இராசரத்தினம், அந்த இடத்திலும் முழங்காலால் முட்டட்டுமா என்று கேட்டார். ஒஸ்வால்ட் வேண்டாம் என்றார். தாய் வேஷக்காரிக்குத் தடித்த குரல், தடித்த குரல் தனக்குக் கேட்கும். பத்து ஒத்திகையிலும் கேட்டிருக்கிறது. இராசரத்தினம் பிறகும் நின்றார். “அது ஒண்டாவது என்ட கையில இருக்கட்டும்” என்றார் ஒஸ்வால்ட்.

முதல் இரண்டு நாளும் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

தங்கச்சி வேஷம் போட்டவள் லக்ஷ்மிப்பிரியா. பாட்டுக்கு முந்தி அவளுக்குத் தமிழில் ஒரு வரி இருந்தது: “எப்ப வருவாய் அண்ணா?” ஒத்திகை முழுக்க அதை ஒரே மூச்சில் சொன்னாள். மூன்றாம் நாள் அவளுடைய வீட்டாட்கள் சபையில் வந்து இருந்தார்களாம். அன்று முதல் சொல்லிலேயே அழுகை வந்து, அதை இழுத்து, அதோடு நின்றுவிட்டாள். “எப்பா…” என்றுதான் வந்தது. மிச்சத்தைச் சொல்ல வாயைத் திறந்தபடி நின்றாள்.

உயர்ந்த குரலின் உயரமெல்லாம் ஒஸ்வால்டுக்கு வந்து சேராது. அடியில் கிடந்த தடிப்பு மட்டும் வந்தது. தமிழில் எப்போது என்று கேட்ட பிள்ளையின் சொல், சிங்களத்தில் வேண்டாம் என்று கத்திய தாயின் சொல்லாக அவரிடம் போய்ச் சேர்ந்தது. இன்னும் பாட்டு வரவில்லையே என்று மூளை சொல்வதற்குள் கை இறங்கிவிட்டது. சொல்லைக் கேட்டு அடிக்கும்படிதானே பழக்கியிருந்தார்கள்.

நல்ல அடி. அந்த மூன்று நாளிலும் அதுதான் நல்ல அடி.

மூத்தவனாக நடித்த பையன் ஒழுக்கமானவன். வெடி கேட்டால் விழவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள், விழுந்தான். ஒரு வரி பாடாமல் விழுந்தான். லக்ஷ்மிப்பிரியா வாயைத் திறந்தபடியே நின்றாள். கிடங்குக்குள் மற்ற எல்லோரும் ஒஸ்வால்டைத் திரும்பிப் பார்த்தார்கள். சுகிர்தன் பார்க்கவில்லை. பக்கங்களைக் கத்தையாகப் புரட்டி, விரலால் ஒன்பது, எட்டு என்று காட்டினான். எல்லோரும் தொண்ணூற்றெட்டாம் தாளக்கட்டுக்குத் தாவினார்கள். தாய் வேஷக்காரி வேளையில்லாத வேளையில் ஓடி வந்து, விழுந்து கிடந்தவனைப் பார்த்து, மெல்லமாக, கத்தாமல், அந்தச் சொல்லைச் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகு வேண்டாம் என்றாள்.

மண்டபத்தில் பிறகு எங்கோ பின்வரிசையில் ஒரு ஆம்பிளை விம்மினார்.

இராசரத்தினம் பேஸைப் பையில் போடும்போது பகிடி ஒன்றும் விடவில்லை. வீட்டுக்கு வந்து ஒஸ்வால்ட் சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தபடி அனுஷியாவிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கறியைப் போட்டுக்கொண்டே கேட்டாள். மனுஷர் எல்லாருக்கும் பிழை வரும்தானே என்று சொல்ல வந்தவள், அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சொதி விடட்டுமா என்று கேட்டாள்.

அடுத்த நாள் பின்னேரம் சுகிர்தன் அவரை வெள்ளவத்தைக்கு வரச் சொன்னான். காலி வீதியில் ஒரு சைவக் கடை. இரண்டு டீ சொன்னான். மேலே காற்றாடி, வெளியே பஸ், பக்கத்து மேசையில் யாரோ கலியாணத்துக்கு மண்டபம் பேசிக்கொண்டிருந்தார்கள். சுகிர்தன் முதலில் வேறு கதை கதைத்தான். முகத்தைப் பார்த்தபடி இருந்ததால் ஒஸ்வால்டுக்கு எல்லாம் விளங்கியது. பிறகு அவன் கப்பை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், குடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான். ஏதோ குடிக்க யோசிக்கிறான் என்று நினைத்த ஒஸ்வால்ட், இடைவெளி நீண்டதால், தலையை ஆட்டி, “ஓம், நல்ல டீ” என்றார்.

சுகிர்தன் கப்பை வைத்தான். அவனுடைய கண் சிவந்திருந்தது.

“எவ்வளவு காலமாக் காது கேக்கேல்லை எண்டு கேட்டனான் அங்கிள்.”

ஒஸ்வால்ட் டீயைப் பார்த்தார். இரண்டு வருஷம் என்றார். பிறகு, பாட்டு வரமுதலே அடித்தது தன் பிழைதான், இனி அந்த இடத்துக்கும் இராசரத்தினம் முழங்காலால் சொல்லித் தருவார், அடுத்த கிழமை நாலாம் நாளிலிருந்து ஒரு பிரச்சினையும் வராது என்று ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடிந்த பிறகுதான் கூட்டாளியையும் காட்டிக் கொடுத்துவிட்டது விளங்கியது.

சுகிர்தன் மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். அந்த மாதிரிப் பேசுவது ஒஸ்வால்டுக்கு அடித்ததுபோல இருந்தது. விஷயம் வேறு மாதிரிப் போய்விட்டதாம். நாடக நெறியாளருக்கு மூன்றாம் நாள் நடந்தது பிடித்துவிட்டதாம். பாட்டுப் பாடி விடைபெற்றுப் போய்ச் சாகிறவன் நாடகத்தில்தான் சாவான், ஊரில் எல்லாரும் கேள்விக்குப் பதில் சொல்லமுதல்தான் செத்தார்கள் என்று சொல்லி அந்த மனுஷி அழுதாராம். இனி எல்லா நாளும் அப்படியே. பாட்டு இல்லை. தங்கச்சி எப்ப என்று கேட்பாள், வெடி விழும்.

“அப்ப நான் அடிச்சது சரிதானே?” என்றார் ஒஸ்வால்ட். அவருக்குச் சிரிப்பு வந்தது.

“அடி சரி அங்கிள்.” சுகிர்தன் மேசையைத் துடைத்தான், ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை. “ஆனா அந்தச் சொல்லை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில பிடிக்கோணும். லக்ஷ்மி ஒரு நாள் மெல்லமாச் சொல்லுவாள். இராசரத்தினம் அங்கிள் ஒரு நாள் வராமல் விடுவார். நெறியாளர் ரெக்கோர்ட் பண்ணிப் போடச் சொல்லிறா. மற்ற மணி, கிணியெல்லாம் கீபோர்ட்டிலயே எடுக்கலாம் எண்டும்…”

வசனத்தை அவன் முடிக்கவில்லை. ஒஸ்வால்டுக்கு அது காதில் விழாததால் அல்ல. அவன் உண்மையாகவே முடிக்கவில்லை.

பிறகு அவன் கேட்டான். அன்று காலை வேறு ஆட்களை அடிக்கவைத்துப் பார்த்தானாம். தகரத்தைத் தட்டினமாதிரி இருக்கிறதாம். ஒரு காலை நுகேகொடையில் ஒரு ஸ்டூடியோவுக்கு வந்து அந்த வெடியை அடித்துத் தர முடியுமா?

வீட்டில் இதைக் கேட்டதும் அனுஷியா தையல் மெஷினை நிற்பாட்டினாள். “போகாதீங்க” என்றாள். “ஆளும் வேணாமாம், அடி மட்டும் வேணுமாம். அறுத்துக் குடுக்கிறதா?”

“வேற யாராவது அடிச்சா நல்லா இருக்காது.”

“நல்லா இல்லாம இருக்கட்டுமே. உங்களுக்கு என்ன?”

ஒஸ்வால்ட் துவாயை ஈரமாக்கிப் பொலித்தீன் பையில் போட்டார். அவள் மெஷினைத் திரும்ப ஓட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து எழும்பி வந்து, பை ஒழுகும் என்று இன்னொரு பைக்குள் போட்டுக் கொடுத்தாள்.

ஸ்டூடியோ ஒரு சப்பாத்துக் கடைக்கு மேலே இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுகிர்தனும் சுபோதினி என்று ஒரு பிள்ளையும் இருந்தார்கள். சுபோதினிதான் பதிவு செய்பவள். உள்ளே சிவப்பு வெளிச்சம் வந்தால் அடிக்கவேண்டும். கேட்கத் தேவையில்லை, பார்த்தால் போதும். ஒஸ்வால்ட் துவாயை ஒட்டி, திருகுகளை இறுக்கி, கதிரையின் உயரத்தைச் சரிபண்ணி இருந்தார். பக்கத்தில் முழங்கால் இல்லாதது ஒருபக்கம் தூக்கிய வண்டி மாதிரி இருந்தது.

வெளிச்சம் வந்தது. அடித்தார். கை மணிக்கட்டு வரை நன்றாக விறைத்தது. திரும்ப வந்தது. அடித்தார், குச்சி விளிம்பில் ஒரு நூல் தள்ளி விழுந்ததை விரலில் உணர்ந்தார். மூன்றாவது பரவாயில்லை. குச்சியைத் தூக்கியபடி நாலாவதுக்குக் காத்திருந்தார். கண்ணாடிக்கு அப்பால் இரண்டு பேரும் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, திரையைப் பார்த்து, தலையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார்கள். சுபோதினி ஏதோ சொல்ல சுகிர்தன் சிரித்தான். ஒஸ்வால்ட் குச்சியை இறக்கவில்லை. தோள் நோக ஆரம்பித்தது.

கடைசியில் சுகிர்தன் கதவைத் திறந்து உள்ளே வந்தான்.

“முடிஞ்சுது அங்கிள். ரெண்டாவது திறம்.”

“முதலாவதுதான் நல்லது” என்றார் ஒஸ்வால்ட். “ரெண்டாவது விளிம்பில பிசகிட்டுது.”

சுகிர்தன் கண்ணாடிப் பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு ஒஸ்வால்டின் தோளில் கையை வைத்து, வாயை நன்றாகத் திறந்து, “ஓம் அங்கிள், ஓம்” என்றான்.

ஒஸ்வால்ட் ஈரத் துவாயைப் பிழிந்தார். நிலத்தில் சிந்திய தண்ணீரைக் காலுறையால் துடைத்தார். ட்ரம்முகளைக் கழற்றிப் பைகளில் போட்டு, இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது சுபோதினியின் திரையைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. நீளமான ஒரு கறுப்புக் கோடு, நடுவில் திடீரென்று எழுந்து விழும் ஒரு முள். அவள் அதற்குக் கீழே ஆங்கிலத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். வெடி, எண் இரண்டு.